வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை

விளையாட்டு என்னும் சொல்லுக்கு நம்மவரிடையே ஒரு பொல்லாத பொருள் உண்டு. மதிக்கத் தேவையில்லாத பேச்சை ‘விளையாட்டுப் பேச்சு’ என்கிறோம். பொறுப்பில்லாதவனை ‘விளையாட்டுப் பிள்ளை’ என்கிறோம். “என்ன, விளையாடுகிறாயா?” என்று அதட்டுகிறோம். இப்படிச் சொல்லிச் சொல்லியே விளையாட்டை விளையாட்டாக எண்ணப் பழகிவிட்டோம். விளையாட்டு வினையாகும் என்பது பழமொழி. விளையாட்டைப் பறிப்பதும் வினையாகும் என்பதை நான் கண்ணாரக் கண்டவன். கண்டவன் மட்டும் அல்லன். அந்த வினையில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர். அங்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பு வரை நான் படித்தது அங்கேதான். ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். நம் சங்கத்தில் உள்ள பலருடைய ஊருக்கும் இந்தக் கதை பொருந்தும்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு வாரத்தில் இரண்டு உடற்கல்விப் பாடவேளைகள். அவற்றுள் ஒன்று வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை. கால அட்டவணையில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் வாசலில் வந்து நிற்பவர் கணக்காசிரியர். கையில் சுண்ணக்கட்டி, முகத்தில் கவலை. “எல்லாரும் உட்காருங்க, பயிற்சி 3.2 பாக்கி இருக்கு” என்பார். வகுப்பு முழுவதும் ஒரு பெருமூச்சு எழும்.

அந்தப் பெருமூச்சில் நான் சேரவில்லை. முதல் வரிசையில் இருந்த நானும் இன்னும் இரண்டு மூன்று பேரும் உள்ளுக்குள் மகிழ்ந்தோம். எனக்கு ஓட வராது. பந்து பிடிக்கவும் வராது. கணக்கு வரும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரத் தாமதமாயிற்று. மற்றவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே ஓடத் தயாராக இருந்தார்கள். நான் ஆசிரியர் அறைக்குச் சென்றேன். “சார், கடைசி பீரியட் சும்மாதான் இருக்கு” என்றேன். அவரை அழைத்துக்கொண்டு வந்தேன்.

‘சும்மாதான் இருக்கு!’ எவ்வளவு எளிதாகச் சொன்னேன்!

அந்தக் கணக்காசிரியரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. காசு வாங்காமல் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பாடம் நடத்தியவர் அவர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. ஓட்டப் பந்தயத்தில் பள்ளி தோற்றால் யாரும் யாரையும் விளக்கம் கேட்பதில்லை. எதற்கு விளக்கம் கேட்கிறார்களோ அதைத்தானே மனிதன் முதலில் கவனிப்பான்?

எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் தாயார் பீடி சுற்றிப் பிழைப்பவர். விடியற்காலையில் தாயாருக்குப் பீடியிலை வெட்டிக் கொடுத்துவிட்டு, பள்ளி மணி அடிக்கும்போது ஓடி வருவாள். அந்த ஓட்டம்தான் அவளுடைய பயிற்சி! அவ்வாண்டு குறுவட்டப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் அவளை நிறுத்தினார்கள். சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தரை. காலில் ஒன்றும் இல்லை. அவள் எல்லைக் கயிற்றைத் தொட்டபோது இரண்டாவதாக வந்தவள் கடைசி வளைவில்தான் இருந்தாள். பார்க்கப் போயிருந்த நாங்கள் தொண்டை வறளக் கத்தினோம்.

அடுத்து மாவட்டப் போட்டி. பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும். பெண் பிள்ளையுடன் ஓர் ஆசிரியை துணைக்குச் செல்ல வேண்டும். காலாண்டுத் தேர்வு நெருங்கியிருந்தது, ஒருவருக்கும் ஓய்வில்லை. எங்கள் உடற்கல்வி ஆசிரியரோ பகுதி நேர ஆசிரியர். குறுவட்டப் போட்டிக்கே பேருந்துக் கட்டணத்தைத் தம் சட்டைப் பையிலிருந்து கொடுத்தவர். அவர் அலைந்தார், கேட்டார், கெஞ்சினார். அவள் தாயாரோ, “பொட்டப்புள்ளய ஒத்தைல எப்படி சார் அனுப்ப?” என்றார். அந்தக் கேள்வியில் தவறு என்ன? போட்டி நாள் வந்தது, போயிற்று. அவள் அன்றும் வகுப்பில் என் பின்வரிசையில் உட்கார்ந்து இயற்கணிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

பத்தாம் வகுப்பில் நான் நல்ல மதிப்பெண் பெற்றேன். தாராவியில் இருக்கும் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மாட்டுங்காவில் இளநிலைக் கல்லூரி. அதன் பின் பட்டப்படிப்பு. இப்போது இந்தப் பல்கலைக்கழகம். அவள் பத்தாம் வகுப்புடன் நின்றாள். இப்போது தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள்.

நிற்க. இது ஒரு பள்ளியின் கதையா? ஒரு பெண்ணின் கதையா? அப்படி எண்ணித் தள்ளிவிட முடியுமானால் நான் எழுதவே வந்திருக்க மாட்டேன். சட்டத்தை எடுத்துப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இன்னின்னவை வேண்டும் என்று பட்டியல் இடுகிறது. வகுப்பறை, குடிநீர், கழிப்பறை, நூலகம் ஆகியவற்றுடன் விளையாட்டுத் திடலும் அதில் இருக்கிறது. விளையாட்டுக் கருவிகளும் இருக்கின்றன. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால், உடற்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆக, விளையாட்டு என்பது பிள்ளைக்குக் காட்டும் சலுகை அன்று. சட்டம் கொடுத்த உரிமை.

அந்த உரிமை எப்படி நிறைவேறிற்று? 2012இல் தமிழ்நாட்டு அரசு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்காகப் பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தியது. பணியிடங்கள் 16,549. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதச் சம்பளம் 5,000 ரூபாய்! பின்னர் அது படிப்படியாக உயர்ந்தது என்பது உண்மை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடியதும் உண்மை. எங்கள் ஊர் ஆசிரியர் அவர்களில் ஒருவர். மற்ற நாட்களில் அவர் வயல் வேலைக்கும் போவார். ஆறு முதல் எட்டு வரைக்கென வந்தவர், எங்களையும் தாமே சேர்த்துப் பார்த்துக்கொண்டார். மூன்று அரை நாளில் ஒரு பள்ளிக்கூடத்தின் கால்களையெல்லாம் ஒரு மனிதர் எப்படிப் பழக்குவார்?

இத்தனைக்கும் உடற்கல்வியில் நாம் பின்தங்கிய நாட்டினர் அல்லர். 1920லேயே சென்னையில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் உடற்பயிற்சிக் கல்லூரி கண்டார். ஆசியாவிலேயே இவ்வகைக் கல்லூரிகளுக்கு அது முன்னோடி. நம் தாத்தாக்கள் ‘டிரில் மாஸ்டர்’ என்று அஞ்சி மரியாதை செய்த மனிதர்களின் பரம்பரை அங்கிருந்து வந்தது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் போட்டிகள் இன்றும் உள்ளன. குடியரசு தினப் பெயரால் போட்டி, பாரதியார் தினப் பெயரால் போட்டி எல்லாம் உண்டு. ஏணி இருக்கிறது, முதற்படியில் ஏறிய பிள்ளையை இரண்டாம் படிக்குக் கைபிடித்து ஏற்றத்தான் ஆள் இல்லை.

ஆள் இருந்தால் என்ன நடக்கும்? சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைப் பாருங்கள். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்த ஒரு சிறுவன். அவ்வூர் அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவனை உயரம் தாண்டப் பழக்கினார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன் தங்கவேலு. அதற்குப் பிறகு டோக்கியோவில் வெள்ளி. 2024இல் பாரிசில் வெண்கலம். மதுரைக்கு அருகே சக்கிமங்கலத்தைப் பாருங்கள். பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்ட ரேவதி வீரமணி. பள்ளிப் போட்டியில் வெறுங்காலுடன் ஓடிய அவரைப் பயிற்சியாளர் ஒருவரின் கண் கண்டுகொண்டது. பாட்டி முதலில் மறுத்தார், பயிற்சியாளர் விடவில்லை. வீடு தேடிச் சென்று பேசி இசைய வைத்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார் ரேவதி.

எங்கள் பக்கத்திலேயே ஒருவர் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கணேசன். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடிக் குழுவில் ஆடியவர். 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025இல் ‘பைசன்’ திரைப்படம் வந்தபோது தாராவியிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தோம், கைதட்டினோம். திரையில் ஓடுகிறவனுக்குக் கைதட்டுவது எளிது. ஊர்ப் பள்ளியில் ஓடுகிறவளுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுப்பதுதான் நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

மாரியப்பனையும் ரேவதியையும் பற்றிப் பேசும்போது நாம் ‘வறுமையை வென்றவர்கள்’ என்று மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அது பாதி உண்மை. மறு பாதி, இருவருக்கும் சரியான நேரத்தில் ஓர் ஆசிரியரோ ஒரு பயிற்சியாளரோ கிடைத்தார் என்பது. என் வகுப்புத் தோழிக்கு வறுமையும் இருந்தது, கால்களும் இருந்தன. அவளுடன் பாளையங்கோட்டை வரை போக ஓர் ஆள்தான் இல்லை.

இனி இந்த மும்பைக்கு வருவோம். மாட்டுங்காவில் கல்லூரிக்கு வந்த முதல் வாரம் என்னைத் திகைக்க வைத்தது எது தெரியுமா? உயர்ந்த கட்டடங்கள் அல்ல. தட்கர் மைதானத்தில் மாலை வேளையில் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளை உடையுடன், தம் உயரத்துக்கு நிகரான பையைச் சுமந்துகொண்டு வருவார்களே, அந்தக் காட்சி! பள்ளிப் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தின் ஓட்டக் கணக்கை மறுநாள் நாளிதழில் அச்சிடுகிறார்கள். ஹாரிஸ் கேடயம், கைல்ஸ் கேடயம் என்னும் பள்ளிப் போட்டிகள் நெடுங்காலமாக இந்நகரில் நடந்து வருகின்றன. 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில் இரு பள்ளி மாணவர்கள் பிரியாமல் நின்று 664 ஓட்டம் குவித்தார்கள். ஒருவர் டெண்டுல்கர், மற்றவர் காம்ப்ளி. அவ்வளவும் ஒரு பள்ளிக்கூடப் போட்டியில் நடந்தது! டெண்டுல்கர் அந்தப் பள்ளிக்கு மாறியதே கிரிக்கெட்டுக்காகத்தான். ஒரு பள்ளி தன் ஆட்டத்தால் பெயர் பெற முடியும் என்று இந்த நகரம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்பி வந்திருக்கிறது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் விளையாட்டு வீரர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் ஏற்பாடும் இம்மாநிலத்தில் உண்டு.

ஆனால் மாட்டுங்காவிலிருந்து இருப்புப் பாதையைக் கடந்து லேபர் கேம்ப் பக்கம் நடந்து பாருங்கள். கால் மணி நேர நடைதான். அங்கே என்ன நிலைமை? 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தில் இரு கைகளையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவர்களும் தொடும். அந்தச் சந்திலும் நம் பையன்கள் மட்டை பிடிக்கிறார்கள். மாவட்ட விளையாட்டு வளாகம் ஒன்று தாராவியில் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே திடல் இருப்பதும், சாலையைக் கடந்து எங்கோ ஒரு வளாகம் இருப்பதும் ஒன்றாகுமா? எங்கள் ஊரில் திடல் இருந்தது. ஆசிரியர் அரை ஆளாக இருந்தார். இங்கே பல பள்ளிகளில் நிற்கவே இடமில்லை. ஊரைவிட்டு வந்த தமிழனின் பிள்ளைக்கு இரண்டு இடத்திலும் கிடைத்தது ஒன்றுதான்: உட்கார்ந்திருப்பது!

இதில் பெண் பிள்ளைகளின் நிலைமையைத் தனியே சொல்ல வேண்டும். பையன்களின் பாடவேளையைப் பறித்தாலும் அவர்கள் விளையாடிவிடுவார்கள். ஊரில் குளத்தங்கரை உண்டு, இங்கே சந்து உண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டு. பெண் பிள்ளை பள்ளியைவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஊரில் பீடித்தட்டு காத்திருக்கிறது. தாராவியில் தண்ணீர்க் குடம் காத்திருக்கிறது. பெரியவளாகிவிட்டால், “இனி என்ன ஓட்டமும் குதியும்?” என்னும் கேள்வியும் காத்திருக்கிறது. ஊரார் குறை சொல்லாமல் அவள் ஓடக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று: பள்ளித் திடல். அவளுக்கென்று கிடைத்த நேரமும் ஒன்றே ஒன்று: உடற்கல்விப் பாடவேளை. அதை எடுத்துக் கணக்குக்குக் கொடுக்கும்போது பையன்களிடமிருந்து 45 நிமிடத்தை எடுக்கிறோம். பெண்களிடமிருந்து முழு விளையாட்டையுமே எடுத்துவிடுகிறோம். அன்று ஆசிரியர் அறைக்கு ஓடிய எனக்கு இது தெரியவில்லை. இன்று தெரிகிறது.

கடல் கடந்து ஒரு நாட்டைப் பார்ப்போம். அமெரிக்க நாட்டுப்புறத்தில் ‘பள்ளி மாவட்டம்’ என்று ஓர் அமைப்பு உண்டு. ஊராரின் வரிப்பணமும் அரசின் பணமும் சேர்ந்து அது நடைபெறும். பெரும்பாலும் ஊரார் தேர்ந்தெடுத்த குழுவே அதை நிர்வகிக்கும். அங்கேயும் வெள்ளிக்கிழமைதான் விசேஷம். வெள்ளிக்கிழமை இரவு உயர்நிலைப் பள்ளிக் குழு பந்தாடும்போது சிற்றூர் முழுவதும் கடையைச் சாத்திவிட்டுத் திடலுக்கு வந்துவிடுமாம். பந்தாட்டத்துக்குக் கொட்டும் பணத்தைப் படிப்புக்குக் கொட்டக்கூடாதா என்று அங்கேயும் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே நடந்த ஒன்றை நாம் மறக்கலாகாது. 1972இல் கல்வி நிலையங்களில் ஆண் பெண் வேறுபாடு கூடாதென்று அந்நாடு ஒரு சட்டம் செய்தது. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். இப்போது 30 இலட்சத்துக்கு மேல். ஐம்பது ஆண்டுகளில் பெண்களின் கால்களா மாறிவிட்டன? இல்லை, கதவு திறந்தது. அவ்வளவுதான்.

“முதலில் படிக்கட்டும் ஐயா, விளையாட்டா சோறு போடும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நான் எள்ளி நகையாட மாட்டேன். என் தாயாரும் அதைத்தான் கேட்பார். படிப்பு ஏழைக்குக் கிடைத்த ஏணி. அதை யாரும் உதைத்துத் தள்ளக்கூடாது. கணக்குப் பாடவேளையால் உயர்ந்தவன் நானே. ஆனால் என் கேள்வி வேறு. கணக்குக்கு வாரத்தில் ஏழு பாடவேளை இருந்தது. எட்டாவதாக ஒன்று வேண்டுமென்றால் அதை ஏன் எப்போதும் அந்த இரண்டிலிருந்தே எடுக்க வேண்டும்? மேலும், விளையாட்டுச் சோறே போடாது என்பதும் இன்று உண்மையன்று. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு இருந்த 2 விழுக்காட்டு ஒதுக்கீடு பின்னர் 3 விழுக்காடு ஆயிற்று. பொறியியல் சேர்க்கையிலும் விளையாட்டு வீரர்களுக்கு இடங்கள் உண்டு. அந்த இடங்களுக்கு மேல்மட்டப் போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். குறுவட்டத்தோடு நின்ற பிள்ளைக்குச் சான்றிதழ் ஏது? ஆக, உடற்கல்விப் பாடவேளையை எடுப்பவர் அந்த வேலையையும் அந்தப் படிப்பையும் சேர்த்தே எடுக்கிறார்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் ‘கேலோ இந்தியா’ இளைஞர் விளையாட்டுகள் நடந்தன. முதலிடம் மராட்டியம், இரண்டாம் இடம் தமிழ்நாடு. வாழும் மாநிலமும் பிறந்த மாநிலமும் முன்னே நின்றன என்று நம் விடுதியில் இனிப்பு வழங்கினோம். மகிழ்ச்சிதான். ஆனால் பதக்கப் பட்டியல் ஏறியவர்களைத்தான் எண்ணும்; ஏற வழியில்லாதவர்களை எண்ணாது. அவர்களை நாம்தான் எண்ண வேண்டும். பதக்கம் கூட இரண்டாவதுதான். பத்து வயதுப் பிள்ளை வியர்க்க வியர்க்க ஓடிவிட்டு மூச்சு வாங்க நின்று சிரிக்கும் அந்தச் சிரிப்புக்கே ஒரு பாடவேளையைக் கொடுக்கலாம்.

இப்போது என் தாத்தாவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவர் இருபது வயதில் தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். 1958 முதல் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தினார். ‘பள்ளிக்கூடம் சர்க்காருடையது மட்டும் அன்று, ஊருடையது’ என்னும் எண்ணம் அப்போது ஊர்களில் பரவிற்று. ஒருவர் நிலம் கொடுத்தார். ஒருவர் பெஞ்சு கொடுத்தார். ஒருவர் மணி வாங்கித் தந்தார். எங்கள் ஊரில் ஒருவர் பள்ளிக்குப் பக்கத்துப் புன்செயை விளையாட்டுத் திடலுக்கென்று எழுதி வைத்தார். அதற்கு வேலி போடப் பணம் போதவில்லை. கடிதம் தாராவிக்கு வந்தது. எங்கள் ஊரார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஆளுக்கு ஒரு நாள் கூலியைப் போட்டு மணியார்டர் அனுப்பினார்கள். தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம், “அந்த வேலியில ஒரு கல்லு என்னோடது” என்பார். அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர்.

கடந்த மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அந்தத் திடலைப் பார்த்தேன். தாத்தாவின் கல் நிற்கிறது. நடுவே சீமைக் கருவேலம் முளைத்திருக்கிறது. கைப்பந்துக் கம்பம் ஒன்று நிற்கிறது, இன்னொன்றைக் காணோம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ஒரு நாள் கூலியை அனுப்பிக் காத்த இடத்தைப் பட்டம் பெற்ற பேரன் வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்பினான். வெட்கமாக இருந்தது.

நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழா எடுக்கிறது. பட்டிமன்றம் வைக்கிறோம், கோலப் போட்டி வைக்கிறோம். விளையாட்டு என்று கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுகிறோம், நாற்காலியைச் சுற்றுகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கத்தின் விளையாட்டுப் பணி எலுமிச்சம்பழத்தோடு முடிந்துவிடலாமா?

மூன்று செயல்களை முன்வைக்கிறேன். மூன்றும் நம் கைக்கு எட்டியவை.

முதலாவது, விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் தாம் படித்த பள்ளிக்குச் சென்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “உடற்கல்விப் பாடவேளை நடக்கிறதா?” சண்டைக்குப் போவதுபோல் கேட்க வேண்டாம், பழைய மாணவன் என்னும் அன்போடு கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருக்கும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் அக்காமார்களும் அத்தைமார்களும் அதில் இருப்பார்கள். “அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள் அத்தை” என்று சொல்லிவிட்டு வாருங்கள். யாரும் விளக்கம் கேட்பதில்லை என்பதுதானே நோய்? கேட்கத் தொடங்குவோம்.

இரண்டாவது, பொங்கல் விழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைப்போம். குறுவட்டத்தில் வென்று மாவட்டத்துக்குப் போக வழியில்லாத பிள்ளைக்கும், அவளுடன் துணைக்குச் செல்லும் தாயாருக்கும் பேருந்துக் கட்டணமும் ஒரு வேளைச் சோறும் அதிலிருந்து போகட்டும். முதல் ஆண்டில் ஒரே ஒரு பள்ளி போதும். மேடை அலங்காரத்தில் இரண்டு மாலை குறையும், குறையட்டுமே!

மூன்றாவது, கலினாவுக்கும் தாராவிக்கும் நடுவே ஒரு மித்தி ஆறுதான் ஓடுகிறது. நம்மிடையே பல்கலைக்கழகக் குழுக்களில் ஆடும் தோழர்களும் தோழியரும் இருக்கிறார்கள். செம்பூரிலிருந்து வரும் தோழியர் சிலர் கைப்பந்தில் வல்லவர்கள் என்று அறிவேன். ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம், தாராவித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, பயிற்சி கொடுக்க முன்வாருங்கள். அங்கே சடுகுடு என்றால் இங்கே ஹுதுது, பெயர்தான் வேறு, மராத்தியப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடட்டும். இன்னொன்றும் உண்டு. தாராவி மறுமேம்பாட்டுத் திட்டம் பற்றி நம் தெருக்களில் ஓயாமல் பேசுகிறோம். வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். பள்ளிக்கு எத்தனை சதுர அடி திடல் என்று யார் கேட்டோம்? கட்டடம் எழுந்த பின் கேட்டுப் பயனில்லை.

ஊரிலிருந்து புறப்படும் நாளில் அவளைப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நடை பழகும் ஒரு பெண் குழந்தை.

“ஏ, நீ பம்பாய்ல பெரிய படிப்புல்லா படிக்கியாம்!” என்றாள். நான் என்ன சொல்வது? எப்படியோ அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சை எடுத்தேன். ஆசிரியரை அழைத்து வந்தவன் நான்தான் என்று சொன்னேன். இத்தனை ஆண்டுகள் கழித்துச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். “அதுக்கென்ன! ஒனக்குக் கணக்கு வந்திச்சு. எனக்கு ஓட்டம் வந்திச்சு. கணக்குக்குத்தான வாத்தியார் இருந்தாரு!” என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் குழந்தை திண்ணையிலிருந்து இறங்கித் தெருவில் ஓடிற்று. நன்றாகத்தான் ஓடிற்று. இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் அது அந்தப் பள்ளிக்குப் போகும். கால அட்டவணையில் உடற்கல்வி என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிக்கும்.

அப்போது வாசலில் யார் வந்து நிற்கப் போகிறார்கள்? தோழர்களே, அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.